நாற்பத்து நான்கு

சாலைக்கு இறைக்கும் உப்பின் ரசீதுகளில்,
அவற்றின் வெற்று முதுகில்தான்
இந்த வருடத்தை எழுதி வைத்திருக்கிறேன்.

ஜனவரி. துருவத்தில் கப்பல் உறைந்துபோன கதை.
கடைசி மாலுமி கண்மூடும் பக்கத்தில்
ரேடியோ அலறியது:
மலைச்சரிவில் பள்ளிப் பேருந்து சறுக்கிவிட்டதாம்.
டுலூத் நகரத்தின் தெருக்கள் எல்லாமே
ஏரியில் விழப்போகிறவை போலச் சாய்ந்தவை.
பனியைத் தள்ளிவிட்டு, இரண்டு மணிக்குத் திரும்பினேன்.
அவன் இன்னும் சாகாமல்
எனக்காகக் காத்திருந்தான்.

மார்ச். தலையணை கனத்தில் ஒரு குடும்பக் கதை.
யாருக்கு யார் மாமன் என்பது மறந்துபோகாதிருக்க
ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் பெயர்களை எழுதினேன்.
ஹீட்டரைப் போட்டதும்
மூன்று தலைமுறை அழிந்தது.

மே. விவாகரத்துத் தாள்கள், முப்பத்தோரு பக்கம்.
கணக்கில் சேர்க்கவில்லை.
ஆனாலும் சொல்கிறேன்,
வேறெதையும் இவ்வளவு கவனமாக நான் வாசித்ததில்லை.

கோடையில் தேனீக்களைப் பற்றி மூன்று புத்தகங்கள்;
மூன்றுக்கும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லை.
அக்டோபரில் ஒரு கவிதைத் தொகுப்பு.
புரியவில்லை.
மறுபடி வாசித்தேன்.
வேறு மாதிரிப் புரியவில்லை.

ஐம்பது என்று பந்தயம்.
எதிராளி லெவி ஸ்கோக்லண்ட்,
டயர் அளவைத் தவிர எதையும் வாசிக்காதவன்.
தோற்றால் பிப்ரவரி முழுக்க
அவனுடைய பான்கேக்குகளுக்கு நான் காசு கொடுக்க வேண்டும்.

டிசம்பர் பத்தொன்பது. நாற்பத்து மூன்றில் நிற்கிறேன்.
நூலகத்தில் வெர்னா ஹால்வர்சன்
மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னாள்:
"படப்புத்தகமும் புத்தகம்தான்.
அட்டை இருக்கிறது, முதுகு இருக்கிறது,
திருப்பித் தராவிட்டால் கடிதமும் வரும்."

ஏழு கிறிஸ்துமஸ் படப்புத்தகங்கள்.
பக்கத்து இருக்கையில் அடுக்கி
பெல்ட் போட்டுவிட்டேன்.
ஒரு ராத்திரிக்கு இரண்டு, கஷ்டமே இல்லை.

இருப்பதில் ஒல்லியானதை முதலில் எடுத்தேன்,
கள்ளக் கணக்குக்கு அதுதானே தோது.
பன்னிரண்டு தாள். ஒரு நாய்
விளக்கைக் கவ்விக்கொண்டு
பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அவ்வளவுதான் கதை.
நாயை வரைந்திருக்கிறார்கள், விளக்கை, வேலியை,
தூரத்து ஜன்னலின் மஞ்சளை.
பனியை வரையவில்லை.
தாளை அப்படியே விட்டுவிட்டார்கள்.

பத்தொன்பது குளிர்காலமாகப் பனியைத் தள்ளுகிறேன்.
தள்ள வேண்டாத பனியை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புரட்டினால் ஒன்பதாம் தாளில்,
அந்தப் பெரிய வெள்ளையின் நடுவில்
எந்தக் குழந்தையோ ஆரஞ்சு கிரேயானால்
ஒரு பனித்தள்ளி வண்டி வரைந்திருக்கிறது.
சக்கரங்கள் வட்டமில்லை.
ஓட்டுநருக்குத் தலை உண்டு, கழுத்து இல்லை.
வண்டிக்குப் பின்னால் அழுத்தி அழுத்தித் தீட்டிய கறுப்பு,
சுத்தமான சாலை,
நாய் போக வேண்டிய வாசல் வரைக்கும்.

அடுத்த ராத்திரியும் அதையே வாசித்தேன்.
அதற்கடுத்த ராத்திரியும்.
கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில்
பதினான்கு அங்குலம் கொட்டியது.
ஒவ்வொரு வாசலிலும்
தகட்டைக் கொஞ்சம் உயர்த்திப் போனேன்,
யார் வீட்டு வழியையும் அடைத்துவிடாமல்.
வழக்கமாக அவ்வளவு பார்ப்பதில்லை.

வருடம் நாற்பத்து நான்கில் முடிந்தது.
மற்ற ஆறையும் ஜனவரியில் வாசித்தேன்.
தேவதாரு மரத்தை இழுத்துவரும் இழுவைப்படகு நன்றாயிருந்தது,
கரடியின் கதையில் போதனை அதிகம்.
லெவி பான்கேக்கின் மேல்
மேப்பிள் பாகை என் செலவில் வெள்ளமாக விடுகிறான்.

ஒல்லிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது
வெர்னா சரியாக ஒன்பதாம் தாளைத் திறந்தாள்.
"சேதம் ஏதாவது?"
"நான் எதையும் பார்க்கவில்லை."
"நானும்தான்," என்றாள்,
"பதினோரு வருடமாக."